நொய்யல் நாவலும் லண்டன் பதிப்பகங்களும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி எங்கள் பக்கத்துக் கிணறுகள் கெட்டுப்போனதை வைத்து நான் எழுதிய நாவலைப் படித்துவிட்டு, ஈரோடு புத்தகத் திருவிழாவில் என்னை நிறுத்திப் பேசினீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அதை ஆங்கிலத்தில் கொண்டுபோக வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் என் மச்சான் மொழிபெயர்த்துக் கொடுத்தார். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பேசுகிற லண்டன், நியூயார்க் ஏஜென்ட்கள் பலருக்கு அனுப்பினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் 'எங்களுக்குப் பொருந்தாது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இப்போது அமெரிக்காவில் இருந்து ஒரு கம்பெனி, ஒன்றரை லட்சம் கட்டினால் புத்தகத்தைப் போட்டு உலகம் முழுக்க விற்பதாகச் சொல்கிறது. வீட்டில் நகையை வைத்துக் கட்டிவிடலாமா என்று யோசனை. இதற்கு நடுவில் என் தமிழ்ப் பதிப்பாளர், வெளிநாட்டு உரிமையும் தன்னுடையதுதான் என்கிறார். எழுத்தில் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. நொய்யலைப் பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன அக்கறை, கதையில் ஒருத்தரை லண்டனுக்கு அனுப்பு என்கிறார்கள் நண்பர்கள். நம் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகனின் புத்தகங்கள் வெளிநாடு போனதே 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த பிரச்சினையால்தான் என்றும் சொல்கிறார்கள். வழி சொல்லுங்கண்ணா.

எஸ்., பெருந்துறை

அன்புள்ள தம்பி,

நகையை வைக்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். எழுத்தாளரிடம் பணம் கேட்கிற கம்பெனிக்குப் புத்தகம் விற்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் ஒன்றரை லட்சம் கைக்கு வந்ததும் அதன் வியாபாரம் முடிந்துவிடுகிறது. 'உலகம் முழுக்க' என்று அவர்கள் சொல்வது அமேசானில் ஒரு பக்கம் திறப்பதைத்தான். அதைக் காசு கொடுக்காமல் நீங்களே செய்துகொள்ளலாம். லண்டன் புத்தகக் கடையில் ஒரு பிரதி போய் நிற்க வேண்டுமானால், அந்த ஊர்ப் பதிப்பாளர் ஒருவர் தன் பணத்தைப் போட்டிருக்க வேண்டும். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் தருகிறேன், நீ முதலில் எனக்குப் பணம் கட்டு என்று துணி வாங்குகிற எந்த பையராவது கேட்டதுண்டா? அவர் சாம்பிள் கேட்பார். பிடித்தால் தன் காசைப் போடுவார். புத்தகத்திலும் அதே கணக்குதான்.

அந்த சாம்பிள் விஷயத்தில்தான் உங்கள் முயற்சி நின்றுபோயிருக்கிறது. மொழிபெயர்ப்பின் முதல் அத்தியாயத்தை நீங்கள் எனக்கும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். மச்சான் மேல் எனக்கு மரியாதை உண்டு. இலக்கணத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தமிழில் உங்கள் நாவலில் வருகிற அப்பாரு (தாத்தா) கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசும்போது எனக்கு ஒரு கிழவரின் தொண்டை கேட்டது. ஆங்கிலத்தில் அவர், அவருடைய மருமகள், வந்து போகிற அதிகாரி மூவரும் ஒரே குரலில், பாடப்புத்தகக் கேள்வி பதில் போலப் பேசுகிறார்கள். லண்டனில் இதைப் படிக்கிறவருக்குத் தமிழ் தெரியாது. மூலம் எப்படி இருக்கும் என்று ஊகித்து அவர் கருணை காட்டப்போவதில்லை. முன்னால் இருக்கிற ஆங்கிலத்தைத்தான் உங்கள் நாவல் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பக்கத்தில் மூடிவைத்திருப்பார். உங்கள் நாவல் இன்னும் அங்கே யார் கையிலும் போய்ச் சேரவில்லை, தம்பி. அதனால் அதை யாரும் நிராகரித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது இலக்கிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர். ஆங்கிலத்தில் நாவல் வாசித்து வளர்ந்தவராகவும், தமிழில் உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவராகவும் அவர் இருக்க வேண்டும். நம் சூழலில் மொழிபெயர்ப்பாளரைத் தட்டச்சு செய்துகொடுப்பவர் போல நடத்துகிற வழக்கம் இருக்கிறது. அட்டையில் பெயர் போடுவதில்லை, பேசிய தொகையை இழுத்தடிக்கிறார்கள். இது எனக்கு ஆறாத கோபம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த நூலுக்குத் தருகிற சர்வதேச புக்கர் பரிசு 50,000 பவுண்ட். 2016-லிருந்து அதை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். 2025-இல் கன்னடத்திலிருந்து பானு முஷ்டாக்கின் கதைகள் அந்தப் பரிசை வாங்கியபோது, கதைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் தந்த தீபா பாஸ்தி மேடையில் பக்கத்தில் நின்றார். வெளியிட்டது ஷெஃபீல்டைச் சேர்ந்த 'அண்ட் அதர் ஸ்டோரீஸ்' என்ற சிறு பதிப்பகம். 2022-இல் இந்திக்குக் கிடைத்தபோதும் கீதாஞ்சலி ஸ்ரீயுடன் டெய்சி ராக்வெல் இருந்தார். அதைப் போட்ட 'டில்டட் ஆக்சிஸ்' பதிப்பகமும் சிறியதுதான்.

பெரிய ஏஜென்ட்களின் வாசலிலேயே நிற்காதீர்கள் என்று சொல்வதற்கு இந்தச் சிறு பதிப்பகங்கள்தான் காரணம். மொழிபெயர்ப்பு நாவலை அறிமுகமில்லாத எழுத்தாளரிடமிருந்து நேராக எடுத்துக்கொள்கிற ஏஜென்ட்கள் மிகக் குறைவு. இந்த மாதிரிப் பதிப்பகங்களோ மொழிபெயர்ப்பாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கின்றன. அவர்களுக்கும் கையைக் கடிக்கிற வேலை இது. பிரிட்டனில் மொழிபெயர்ப்புக் கூலி ஆயிரம் சொல்லுக்கு நூறு பவுண்டை ஒட்டி வருகிறது. உங்கள் நாவல் ஆங்கிலத்தில் 80,000 சொல் வந்தால் அந்தச் செலவே எட்டு லட்ச ரூபாய்க்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகுதான் அச்சு, அட்டை, விளம்பரம் எல்லாம். இங்கிலிஷ் பென் என்ற எழுத்தாளர் அமைப்பு அங்குள்ள பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்புச் செலவுக்கென்று நல்கை (நிதியுதவி) தருகிறது. அமெரிக்காவில் பென்/ஹைம் நல்கை நேராக மொழிபெயர்ப்பாளருக்கே போகிறது, அதுவும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே. நம் தமிழ்நாடு அரசு 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகத் திருவிழாவிலும் தமிழிலிருந்து வெளியே போகும் நூல்களுக்கு மொழிபெயர்ப்பு நல்கை உண்டு. அங்கே உரிமை வாங்கவும் விற்கவும் உட்கார்ந்து பேசுகிறார்கள். பதிப்பாளர் வழியாகத்தான் போக முடியும் என்றால் உங்கள் பதிப்பாளரை நச்சரித்தாவது போங்கள்.

இனி உங்கள் பதிப்பாளர் சொல்கிற உரிமை விஷயம். இதில் நீங்கள் பயப்பட ஒன்றுமே இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தராத எந்த உரிமை மாற்றமும் செல்லாது. மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமையின் ஒரு பகுதிதான். நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அது உங்களிடம்தான் இருக்கிறது. அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உங்கள் முதல் புத்தகத்தை நம்பிப் போட்டவர். சட்டம் இப்படி இருக்கிறது அண்ணா என்று பணிவாகச் சொன்னால் போதும்.

கவனமாக இருக்க வேண்டியது அடுத்த கட்டத்தில். டெல்லியில் ஓர் ஆங்கிலப் பதிப்பகம் ஒப்பந்தம் அனுப்பியது என்றே வைத்துக்கொள்வோம். சந்தோஷத்தில் கை நடுங்கும், கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடத் தோன்றும். முதலில் 'நிலப்பரப்பு' பற்றிய வரியைத் தேடுங்கள். 'இந்தியத் துணைக்கண்டம்' என்று இருந்தால் லண்டனும் நியூயார்க்கும் உங்கள் கையில் இருக்கின்றன. 'உலகம் முழுவதும், ஆங்கில மொழியில்' என்று இருந்தால் அந்த மூன்று நான்கு சொற்களில் எல்லாம் போய்விட்டது. கோபியில் எனக்குத் தெரிந்த நாவலாசிரியர் ஒருவர் அப்படித்தான் கொடுத்துவிட்டார். பிறகு ஒரு பிரிட்டிஷ் சிறு பதிப்பகம் ஆர்வமாக எழுதிக் கேட்டது. உரிமையை வைத்திருந்த இங்குள்ள பதிப்பகம் பதில் போடவே இல்லை. கேட்டவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு புத்தகத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் கெடுதல் செய்ய நினைக்கவில்லை, அந்த அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலைப் பார்க்கிற வேலை யாருக்கும் இல்லை, அவ்வளவுதான். அந்த நாவல் கடல் தாண்டாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உலக உரிமை கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், இத்தனை மாதத்துக்குள் வெளிநாட்டில் விற்காவிட்டால் அந்த உரிமை எழுத்தாளருக்கே திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாத ஒப்பந்தத்தைச் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்கிறது. வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகும் என்றும் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் எழுதியதே செல்லும். பெரிய பதிப்பகங்கள் வேறு மாதிரித்தான் எழுதியிருக்கும்.

பெருமாள்முருகன் பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. 'கூளமாதாரி' 2000-இல் வந்த நாவல். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-இல் கிரியாமா பரிசின் குறும்பட்டியலில் இருந்தது. 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் போராட்டம் நடப்பதற்குப் பத்து வருடம் முன்னால். 'மாதொருபாகன்' 2010-இல் தமிழில் வந்தது, அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலம் 2013-இல் இந்தியாவில் வந்தது. எதிர்ப்பு கிளம்பியது அதற்கும் பிறகு, 2014 டிசம்பரில். அமெரிக்கப் பதிப்பு 2018-இல். பிரச்சினை உலகத்தின் கண்ணைத் திருப்பியது என்பது சரிதான். திரும்பிய கண்ணுக்கு முன்னால் நல்ல ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் ஏற்கெனவே தயாராக இருந்தது. 'பூக்குழி'க்கோ எந்தப் பிரச்சினையும் இல்லை. 2013-இல் தமிழில் வந்து, 2016-இல் இந்தியாவில் ஆங்கிலமாகி, 2022-இல் பிரிட்டனுக்குப் போய், 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்கு வந்தது. பத்து வருடம். அந்த மனிதர் பட்ட பாட்டை அதிர்ஷ்டம் என்று பேசுவதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர்களிடம் அப்படிப் பேச வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

லண்டனுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். கதையில் ஒரு வரியைக்கூட வெளிநாட்டுக்காக மாற்ற வேண்டாம். ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்கென்று திறந்தது. சில வருடத்திலேயே அதில் சாயக் கழிவு தேங்கி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரை போனது. அந்தச் சாயம் ஏறிய துணியைக் கட்டிக்கொண்டவர்கள் யார்? நீங்கள் தினமும் பேசுகிற பையர்களின் ஊர்க்காரர்கள்தான். நொய்யலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது? இதைப் பதிப்பகத்துக்கு எழுதும் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லுங்கள். நாவலுக்குள் அதைத் திணிக்க வேண்டாம். உங்கள் அப்பாருக்கு லண்டனைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர் அப்படியே இருக்கட்டும்.

நம் வட்டாரத்தில் மொழிபெயர்க்கத் தகுதியானவர்கள் இருவரை எனக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுவிட்டுத் தொடர்பைத் தனியாக அனுப்புகிறேன். முதலில் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் கொடுங்கள். படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வருத்தப்படாமல் அடுத்தவரிடம் போங்கள், கட்டாயத்துக்குச் செய்கிற மொழிபெயர்ப்பு உதவாது. பிடித்திருந்தால் நாற்பது பக்கத்துக்கு மாதிரி செய்யச் சொல்லி, அதற்கான கூலியை முன்னாலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். நகையை வைக்கிற அளவுக்குப் போகாது. ஒன்றிரண்டு மாதச் சேமிப்பில் முடியும்.

எந்த நாற்பது பக்கம் என்று கேட்பீர்கள். வழக்கமாக முதல் அத்தியாயத்தைத்தான் அனுப்பச் சொல்வார்கள், அது ஊர் அறிமுகமாக இருப்பதால் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. அதோடு ஒன்பதாம் அத்தியாயத்தையும் சேருங்கள். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றியதும் மாடு மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்குகிறது, அப்பாரு தானே ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டுகிறார், மாடு அப்போதும் வராது. அந்த இடத்தை நான் மூன்று முறை திரும்பப் படித்தேன். எந்த ஊர்ப் பதிப்பாசிரியரும் அதைத் தாண்டிப் போக மாட்டார் என்று நம்புகிறேன். கூடவே ஒரு பக்கத்தில் முழுக் கதைச் சுருக்கம் வேண்டும், முடிவையும் மறைக்காமல் எழுதுங்கள். உங்களைப் பற்றி ஐந்து வரி, தமிழில் வந்த மதிப்புரைகளில் நல்லதாக இரண்டின் ஆங்கிலச் சுருக்கம், உரிமை உங்களிடம்தான் இருக்கிறது என்று ஒரு வரி. மொழிபெயர்ப்பாளர் பெயரில் அனுப்பச் சொல்லுங்கள்.

மச்சானிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. புது மொழிபெயர்ப்பாளருக்கு வட்டார வழக்கில் சந்தேகம் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து விளக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார், அதையும் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் என்று எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துக்கு முன் ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள். பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் நண்பர் ஒருவர் கோவையில் இருக்கிறார், இருவரும் சேர்ந்து பார்க்கிறோம். அந்த அமெரிக்கக் கம்பெனிக்கு இன்றே 'வேண்டாம்' என்று எழுதிவிடுங்கள். திரும்பத் திரும்ப போன் செய்வார்கள், எடுக்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்