ஐரோப்பாவைப் பிளந்த கோடு: கேள்வி பதில்

யால்டாவில் ஸ்டாலின், ரூஸ்வெல்ட், சர்ச்சில் மூவரும் உட்கார்ந்து ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்கிறார்களே, உண்மையா சார்?

பலர் மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. யால்டா மாநாடு 1945 பிப்ரவரியில் நடந்தது. தோற்கும் ஜெர்மனியை வெல்லும் நாடுகள் எந்தக் கோட்டில் பிரித்து ஆளுக்கொரு பகுதியாக நிர்வகிப்பது என்பதோ 1944 செப்டம்பர் 12 அன்றே லண்டனில் கையெழுத்தாகிவிட்டது. பிரான்சுக்கும் ஒரு பகுதி என்பதுதான் யால்டாவில் புதிதாகச் சேர்ந்தது.

பங்கு போட்டது என்றால் 1944 அக்டோபரில் மாஸ்கோவில் சர்ச்சில் நீட்டிய துண்டுச்சீட்டைச் சொல்லலாம். ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீசில் பிரிட்டனுக்கு 90, ஹங்கேரியும் யூகோஸ்லாவியாவும் பாதிக்குப் பாதி. ஸ்டாலின் அதில் நீலப் பென்சிலால் ஒரு டிக் போட்டார். ஆனால் ஹங்கேரியில் அந்தப் பாதிக் கணக்கு செல்லுபடியாகவில்லை. அங்கே நின்றது சோவியத் படையான செஞ்சேனை. கிழக்கு ஐரோப்பா முழுவதும் கடைசியில் பேசியது பட்டாளம் நின்ற இடம்தான்.

இதற்கு மாறாக நடந்தது ஒன்று உண்டு. போர் முடிந்தபோது அமெரிக்கப் படை லண்டனில் போட்ட எல்லைக்கோட்டைத் தாண்டி, சோவியத்துக்கு ஒதுக்கிய லைப்சிக் நகர் வரை போயிருந்தது. 1945 ஜூலைத் தொடக்கத்தில் அங்கிருந்து பின்வாங்கியது. தலைநகர் பெர்லினையும் அதேபோல் தனியாகப் பிரித்திருந்ததால், அதே நாட்களில் மேற்கத்தியப் படைகள் அதன் மேற்குப் பகுதிகளுக்குள் நுழைந்தன. சோவியத் பகுதிக்குள் சுமார் 160 கி.மீ. உள்ளே மேற்கு பெர்லின் ஒரு தீவாக மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

போரில் நொறுங்கிய ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்டப் பணத்தைக் கிழக்கு நாடுகள் ஏன் வாங்கவில்லை? சும்மா கொடுத்ததை வேண்டாம் என்பார்களா?

செக்கோஸ்லோவாக்கியா வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டதே! 1947 ஜூலையில் அதன் தலைவர்களை மாஸ்கோவுக்கு வரவழைத்தார் ஸ்டாலின். போனவர்கள் சம்மதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அந்த உதவி எப்படி நடந்தது என்று பார்த்தால் ஸ்டாலினின் பயம் புரியும். பெரும்பகுதி ரொக்கமாக வரவில்லை, கோதுமை, நிலக்கரி, பருத்தி, இயந்திரம் என்று சரக்காக வந்தது. சரக்கை வாங்கும் வியாபாரி தன் நாட்டுப் பணத்தில் விலையைக் கட்டுவார். அந்தப் பணம் ஒரு தனிக் கணக்கில் சேரும். அதில் 5 சதவீதம் அமெரிக்காவின் செலவுக்கு, மீதியை அமெரிக்காவின் சம்மதத்தோடு அந்த நாட்டு அரசு புனரமைப்புக்குச் செலவழிக்கும். அதாவது சேரும் நாடு தன் பொருளாதாரக் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், பக்கத்து நாடுகளோடு சேர்ந்து திட்டம் போட வேண்டும். மாஸ்கோவை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்த நாடுகளுக்கு ஸ்டாலின் இதை அனுமதிப்பாரா? 1948 முதல் 1952 வரை சுமார் 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குள் போனது. கிழக்கு 1949 ஜனவரியில் தனக்கென்று கோமிகான் என்ற பொருளாதாரக் கூட்டமைப்பைத் தொடங்கியது. பிரிவினை உறைந்துபோனது இந்தப் பண விஷயத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

பெர்லின் முற்றுகைக்குக் காரணம் புது நோட்டு என்று படித்தேன். ஒரு நோட்டுக்காகவா ஊரையே அடைப்பார்கள்?

அந்த நோட்டு சாதாரணமானதல்ல. ஜெர்மனியின் பழைய பணமான ரைக்ஸ்மார்க்குக்கு மதிப்பே போய், சிகரெட்டைக் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொண்டிருந்த காலம். 1948 ஜூன் 20 அன்று மேற்குப் பகுதிகளில் புதிய டாய்ச்மார்க் வந்தது. முதல் தவணையாக ஆளுக்கு 40 மார்க். மேற்கே செல்லாமல் போன பழைய நோட்டெல்லாம் எங்கே போகும்? இன்னும் செல்லுகிற சோவியத் பகுதிக்குள்தான் கொட்டும். அங்கே புது நோட்டு தயாராக இல்லை. அவசரத்தில் பழைய நோட்டின் மேல் சிறு வில்லைகளை ஒட்டிக் கொடுத்தார்கள். சுவருக்கு ஒட்டும் காகிதத்தோடு ஒப்பிட்டு மக்கள் அதற்குக் கேலிப்பெயர் வைத்தார்கள். மேற்கு பெர்லினுக்குள்ளும் டாய்ச்மார்க் வந்ததும், ஜூன் 24 அன்று மேற்கிலிருந்து அங்கே போகும் சாலை, ரயில், படகு எல்லா வழியையும் சோவியத் அடைத்தது.

விமானத்தை மட்டும் ஏன் தடுக்கவில்லை? 20 லட்சம் பேருக்கு விமானத்தில் சோறு போட முடிந்தது எப்படி?

சாலைக்கும் ரயிலுக்கும் உறுதியான எழுத்து ஒப்பந்தம் இல்லை. ஆனால் தலா 32 கி.மீ. அகலமுள்ள மூன்று வான்பாதைகளுக்கு 1945 நவம்பரில் எழுதிய ஒப்பந்தம் இருந்தது. அதை மீறி விமானத்தைச் சுட்டால் நேரடிப் போர்தான்.

நாளுக்குச் சுமார் 4,500 டன் தேவை என்று கணக்குப் போட்டார்கள். முதலில் பறந்த சி-47 ரக விமானம் ஏற்றியது மூன்றரை டன், பிறகு வந்த சி-54 பத்து டன். எடையைக் குறைக்க ரொட்டிக்குப் பதில் மாவு, உருளைக்கிழங்கு என்றால் உலர்த்தியது, இறைச்சி என்றால் எலும்பு நீக்கியது. போன சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. அந்தத் தூசி விமானத்தின் மின்கம்பி, கட்டுப்பாட்டுக் கம்பி எல்லாவற்றிலும் புகுந்து தொல்லை கொடுத்தது. உப்பு இன்னும் மோசம், உலோகத்தை அரித்துவிடும். அதனால் கடல்நீரைத் தாங்கும்படி செய்த சண்டர்லாண்ட் பறக்கும் படகுகளில் உப்பை ஏற்றி ஹாவல் ஏரியில் இறக்கினார்கள்.

1948 ஆகஸ்ட் 13 அன்று மழையும் தாழ்ந்த மேகமும். மேற்கு பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு சி-54 விழுந்து எரிந்தது. அடுத்தது அதன்மேல் மோதாமல் பிரேக் போட்டு டயர் வெடித்தது. மேலே மற்ற விமானங்கள் அடுக்கடுக்காக வட்டமடித்துக்கொண்டிருந்தன. பொறுப்பிலிருந்த ஜெனரல் டன்னர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து விதி இது: இறங்க ஒரே ஒரு வாய்ப்பு, தவறினால் சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். வடக்கு, தெற்குப் பாதைகள் வருவதற்கு, நடுப்பாதை திரும்புவதற்கு. மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் என்ற வேகம் இதனால்தான் சாத்தியமானது. 1949 ஏப்ரலில் ஒரே நாளில் 1,398 விமானங்கள் சுமார் 13,000 டன் நிலக்கரி இறக்கின. மே 12 அன்று முற்றுகை நீங்கியது.

பெர்லின் சுவர்தானே இரண்டு ஜெர்மனிக்கும் எல்லை?

இல்லைங்க. சுவர் மேற்கு பெர்லினைச் சுற்றி வளைத்தது, மொத்தம் சுமார் 155 கி.மீ. நாட்டு எல்லை வேறு, அது ஏறக்குறைய 1,400 கி.மீ. அந்த எல்லையை 1952 மே மாதமே மூடிவிட்டார்கள். ஓரத்தில் 10 மீட்டர் அகலத்துக்கு உழுது போட்ட மண், காலடி பட்டால் தெரியும். அடுத்து 500 மீட்டர் காவல் பட்டை, அதற்கு அப்பால் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைய முடியாத 5 கி.மீ. பகுதி.

பெர்லின் மட்டும் திறந்திருந்தது. கிழக்கே ரயில் ஏறி மேற்கே இறங்கிவிடலாம். 1949 முதல் 1961 வரை 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போனார்கள். இளைஞர், மருத்துவர், பொறியாளர் என்று வேலைக்கு ஆகும் கைகள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1961 ஆகஸ்ட் 13, ஞாயிறு விடிவதற்குள் முள்கம்பி இழுத்தார்கள். கான்கிரீட் பிறகு வந்தது.

எல்லைக்கோடு ஊர்களுக்கு நடுவே போனது ஏன்?

லண்டனில் கோடு போட்டவர்கள் பழைய மாநில எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மோட்லராய்ட் என்ற சிற்றூரின் நடுவே டான்பாக் என்ற ஓடை, தாண்டிக் குதித்துவிடலாம். ஒரு கரை பவேரியா, மறுகரை துரிங்கியா. அது வரிக்கும் நிர்வாகத்துக்குமான எல்லை, சொந்தபந்தம் இரண்டு கரையிலும் இருந்தது. 1952இல் மரப்பலகை வேலி, 1966இல் 700 மீட்டர் கான்கிரீட் சுவர். கிழக்குக் கரையில் இருந்தவர்கள் எதிர்க்கரையைப் பார்த்துக் கையசைப்பதற்கே தடை. இந்த ஓர் ஊரின் படத்தைப் பார்த்தால் போதும், நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

1956இல் ஹங்கேரி மக்கள் சோவியத் பிடிக்கு எதிராக எழுந்தபோது மேற்கு ஏன் உதவவில்லை?

கோட்டுக்கு அந்தப்பக்கம் படை அனுப்பினால் அணு ஆயுதப் போர் மூளும் என்ற அச்சம். அதே வாரத்தில் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தில் சூயஸ் கால்வாய்ச் சண்டையில் மாட்டிக்கொண்டிருந்தன. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் மறுபடி நுழைந்தன. சுமார் 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். உதவி வரும் என்று நம்பியிருந்த மக்களைக் கைவிட்டது கொடுமைதான்.

மாணவர்களுக்குப் பனிப்போர் வரைபடம் போடுகிறேன். எங்கே தப்பு வரும்?

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள் டீச்சர். 1949 என்றால் மேற்கின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் 12 நாடுகள்தான். கிரீசும் துருக்கியும் 1952இல், மேற்கு ஜெர்மனி 1955இல், ஸ்பெயின் 1982இல் சேர்ந்தன. கிழக்கின் ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தம் 1955 மே 14இல்தான் வந்தது. யூகோஸ்லாவியாவைச் சிவப்பாக்கிக் கிழக்கில் சேர்ப்பதுதான் அதிகம் நடக்கும் தப்பு: கம்யூனிஸ்ட் நாடுதான், ஆனால் 1948இலேயே ஸ்டாலின் அணியிலிருந்து விலக்கப்பட்டது. அல்பேனியா 1968இல் வார்சா ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது. ஆஸ்திரியா 1955 முதல் நடுநிலை. பின்லாந்து, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, அயர்லாந்துக்கும் தனி நிறம் வேண்டும். மேற்கு பெர்லினுக்குக் கிழக்கு ஜெர்மனியின் உள்ளே ஒரு புள்ளி வைக்க மறக்காதீர்கள். எல்லையின் மேலே வைத்துவிட்டால் விமானத்தில் ஏன் நிலக்கரி போனது என்று மாணவர்களுக்குப் புரியாது.