ஒரே கார், மூன்று விதிகள்

கேள்வி: 1994இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற போர்ஷே 962, பந்தயத்துக்கென்றே பிறந்த புரோட்டோடைப். அது சாலைக் கார்களுக்கான ஜிடி பிரிவில் எப்படி இடம்பெற்றது?

பதில்: இந்தக் காரின் கதை ஓட்டுநரின் கால்களிலிருந்து தொடங்குகிறது. 1982இல் ஐரோப்பாவின் குரூப் சி என்ற பந்தயப் பிரிவின் விதிகளுக்காக உருவான, 962இன் முன்னோடியான போர்ஷே 956 காரில், பெடல்கள் முன் அச்சுக்கும் முன்னால் இருந்தன. மோதலில் முதலில் நசுங்குவது ஓட்டுநரின் பாதங்களே என்பதால், அமெரிக்காவின் கார் பந்தய அமைப்பான இம்சா அந்த வடிவமைப்பை ஏற்கவில்லை. மிக நியாயமான மறுப்பு என்றே நான் கருதுகிறேன். எனவே போர்ஷே, முன் சக்கரங்களை முன்னே தள்ளி, சக்கர இடைவெளியைச் சுமார் 12 சென்டிமீட்டர் நீட்டி, 1984இல் 962ஐ உருவாக்கியது. ஐரோப்பியக் காரின் இரட்டை டர்போவும் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) அமெரிக்காவில் அனுமதிக்கப்படாததால், ஒற்றை டர்போ எஞ்சின் பொருத்தப்பட்டது.

பின்னர் ஐரோப்பாவில் 962 ஓடிய குரூப் சி பிரிவிலோ எரிபொருளின் அளவுக்கே வரம்பு இருந்ததால், அங்கே சிக்கனமே வேகத்தைத் தீர்மானித்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். ஜெர்மனியின் யோகன் டவர் 962ஐச் சாலையில் ஓட்டத்தக்க காராக மாற்றியிருந்தார். 1994 விதிகள் அத்தகைய காரை ஜிடி பிரிவில் ஏற்றன. காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசையைக் குறைக்கும் தட்டையான அடித்தளம் கட்டாயமாக இருந்தாலும், புரோட்டோடைப்களைவிடப் பெரிய எரிபொருள் தொட்டியை வைத்துக்கொள்ள அந்தப் பிரிவு இடமளித்தது. தால்மாஸ், ஹேவுட், பால்டி ஆகிய மூவரும் ஓட்டி வென்றது அந்தக் காரைத்தான்.