18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாள்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சார், லண்டன் அருங்காட்சியகத்தில் குச்சி போல மெலிந்த வாள்களைப் பார்த்தேன். கைப்பிடி நகை மாதிரி மின்னுகிறது. இதை வைத்துச் சண்டை போட முடியுமா?

பதில்: தாராளமாக. இது வெட்டும் வாள் இல்லை, குத்தும் வாள். பெரும்பாலும் அலகுக்கு மூன்று பட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் குழிவாகச் சீவியிருப்பார்கள். அதனால் எடை குறையும், விறைப்பு குறையாது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நூறாண்டுக்கு மேல் மேட்டுக்குடி ஆண்கள் இதை உடையின் ஒரு பகுதியாகவே அணிந்தார்கள். அலகு உறைக்குள் போய்விடும். ஊர் பார்ப்பது கைப்பிடியைத்தான். காசெல்லாம் அங்கே போனது அதனால்தான்.

கேள்வி: முழு வாளையும் ஒரே ஆள் செய்தாரா?

பதில்: இல்லை. அலகு பெரும்பாலும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் அடித்தது. கைப்பிடி வெள்ளி ஆசாரியிடமோ எஃகு செதுக்குபவரிடமோ தயாராகும். லண்டனிலோ பாரிஸிலோ இருந்த வாள் வணிகர் எல்லாவற்றையும் பூட்டி, உறை போட்டு விற்றார்.

கேள்வி: அண்ணா, சில பிடிகளில் வைரம் பதித்தது போல இருக்கிறதே?

பதில்: அது வைரம் இல்லை, எஃகு! சிறுசிறு எஃகு மணிகளைத் தனித்தனியே பட்டை தீட்டி, மெருகேற்றி, துளைகளில் பொருத்திப் பின்னாலிருந்து இறுக்குவார்கள். பர்மிங்காம் அருகே சோஹோவில் மேத்யூ போல்ட்டனின் தொழிற்சாலை இதில் பேர் போனது. வெட்ஜ்வுட் பட்டறையின் நீலப் பீங்கான் வில்லைகளில் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கும்; அவற்றையும் இத்தகைய பிடிகளில் பதித்தார்கள். தங்கப் பிடியைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். மலிவான உலோகம், மதிப்பு முழுக்கக் கைவேலையில்.

கேள்வி: நீல அலகில் தங்கப் படங்கள் வரைந்த வாள் ஒன்று பார்த்தேன். அது பெயின்ட்டா?

பதில்: துளி பெயின்ட் கிடையாது. மெருகேற்றிய எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில் அடர்நீலம் என்று நிறம் மாறும். எஃகின் மேல் படியும் மிக மெல்லிய ஆக்சைடு படலம் அது. தங்கம் வேறு வேலை. தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்து, படம் வேண்டிய இடத்தில் பூசிச் சூடாக்குவார்கள். பாதரசம் ஆவியாகும், தங்கம் ஒட்டி நிற்கும். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பல் கொட்டும். அந்த அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான் வரும்.

இந்த வேலைக்குப் பேர்போனவை போரில் வீரம் காட்டியவர்களைக் கௌரவிக்க லண்டனில் 1803இல் தொடங்கிய லாயிட்ஸ் தேசபக்தி நிதி என்ற அமைப்பு பரிசளித்த வாள்கள். பதவிக்கேற்ப 100, 50, 30 பவுண்டு என்று மூன்று தரம். 1805 டிரஃபால்கர் கடற்போரின் பிரிட்டிஷ் கப்பல் தலைவர்களுக்கு 100 பவுண்டு வாள். அதில் விரல்களைக் காக்கும் வளைவைப் பாருங்கள்: கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸின் கதாயுதம், அதைச் சுற்றி ஒரு பாம்பு. பிடியின் முதுகில் சிங்கத்தோல்.

கேள்வி: ஐயா, புதுச்சேரியில் எங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பழைய வாள் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கு இல்லை இது. புளியின் அமிலமும் பாலிஷும் நீலத்தையும் தங்கத்தையும் ஒரே நாளில் கொண்டுபோய்விடும். போனால் திரும்பாது. கையுறை போட்டு எடுங்கள், மென்மையான துணியால் தூசி துடையுங்கள். தோல் உறைக்குள் வைக்காதீர்கள். பதனிட்ட தோல் ஈரத்தையும் அமிலத்தையும் அலகில் ஏற்றும். உறையையும் வாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். துரு பிடித்திருந்தால் பழம்பொருள் பராமரிப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அசலா நகலா என்று எப்படித் தெரியும்?

பதில்: பூதக்கண்ணாடியால் பிடியின் பூவேலையைப் பாருங்கள். உளியால் செதுக்கிய கோட்டின் ஓரம் கூராக இருக்கும், ஆழம் இடத்துக்கு இடம் மாறும். அச்சில் வார்த்த மலிவு நகலில் ஓரமெல்லாம் மழுங்கி, ஊசிமுனை போன்ற சிறு குழிகள் தெரியும். வெள்ளிப் பிடி இங்கிலாந்தில் செய்தது என்றால் வெள்ளியின் தரத்துக்குச் சான்றான நடக்கும் சிங்க முத்திரையைத் தேடுங்கள். தேய்ந்திருந்தால் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள், தெரிய வாய்ப்பு உண்டு.