யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார்? – ஆங்கில வகுப்பறைக் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கில வகுப்பில் கருவிகளைப் பயன்படுத்துவது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுள், பலர் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்த சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் வகுப்பில் ஸ்மார்ட் போர்டு வைத்து ஓராண்டாகிறது. பாடம், படம், வினாடி வினா அனைத்தையும் அதில்தான் நடத்துகிறேன். மாணவர்கள் ஆர்வமாகப் பார்க்கிறார்கள். ஆனால் பேசச் சொன்னால் ஒரு வாக்கியம்கூட வருவதில்லை. தவறு எங்கே? – ஓர் ஆசிரியை

பதில்: ‘பார்க்கிறார்கள்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் 45 நிமிடப் பாடவேளையில் நீங்கள் வாயே திறக்காமல் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தாலும், ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். பலகை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. இருவர் இருவராகப் பிரித்துப் பத்து நிமிடம் விட்டால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைத்துவிடுகிறது.

அதே பலகையை வைத்து இதைச் செய்து பாருங்கள். ஒவ்வோர் இணையிலும் ஒருவர் பலகையை நோக்கியும் மற்றவர் அதற்கு முதுகைக் காட்டியும் உட்காரட்டும். பலகையில் ஒரு படத்தைப் போடுங்கள். ஒரு மரம், அதன் இடப்புறத்தில் கிணறு, கிணற்றின் விளிம்பில் ஒரு பூனை என எளிய படமே போதும். பார்ப்பவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பாராதவர் வரைய வேண்டும். ‘பூனை கிணற்றுக்குள்ளா, கிணற்றின் மேலா?’ என்று வரைபவர் கேட்டே ஆக வேண்டிய நிலை வரும்போது, ‘இன்’, ‘ஆன்’ என்ற முன்னிடைச் சொற்களின் வேறுபாடு இலக்கணக் குறிப்பேட்டிலிருந்து இறங்கி நாக்குக்கு வந்துவிடுகிறது. வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும். அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கருவி வந்தால் பேச்சு வந்துவிடும் என்ற நம்பிக்கை பழையது. 1950களிலும் 60களிலும் மொழி ஆய்வுக்கூடங்கள் பெரும்பொருட்செலவில் அமைக்கப்பட்டன. ஹெட்போன் மாட்டிய மாணவர்கள் ஒலிநாடாவில் வந்த வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நாக்கு அசையத்தான் செய்தது. ஆனால் சொல்வதற்கென்று அவர்களிடம் செய்தி எதுவும் இல்லை, கேட்பதற்கு எதிரில் ஆளும் இல்லை. பழக்கத்தால் மட்டுமே மொழி அமைகிறது என்ற கருத்தை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1959இல் கடுமையாக மறுத்து எழுதிய பின்னர் அந்த முறையின் அடித்தளமே ஆட்டம் கண்டது. எனவே எந்தக் கருவியைக் காட்டினாலும் நான் கேட்பவை இரண்டுதான்: இதனால் யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார்?

கேள்வி: என் மகள் செல்போனில் ஆங்கிலத்தில் பேசினால் அது பிழையில்லாமல் எழுத்தாக மாற்றிக் காட்டுகிறது. அப்படியானால் அவளுடைய உச்சரிப்பு சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? – ஒரு தந்தை

பதில்: அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள், பேசுபவர் எப்படிப் பேசினாலும் பொருளைப் பிடித்துவிட வேண்டும் என்ற நோக்கில் உருவாக்கப்பட்டவை. 2022இல் வெளியான ‘விஸ்பர்’ என்ற மென்பொருள் 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. இத்தகைய கருவி காதால் மட்டும் கேட்பதில்லை. முன்பின் சொற்களை வைத்து ஊகிக்கவும் செய்கிறது. உங்கள் மகள் தவறாகச் சொன்ன சொல்லை அது சத்தமில்லாமல் திருத்தி எழுதிவிடும். திருத்தப்பட்டது என்பதே அவளுக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆங்கிலத்தில் குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பின்’தான். நம் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. நம் காதும் பெரும்பாலும் பிரித்துக் கேட்பதில்லை. ‘குப்பையை அதில் போடு’ என்ற பொருள் வரும் வாக்கியத்தில் எந்தப் ‘பின்’னைச் சொன்னாலும் கருவி குப்பைத்தொட்டி என்றே எழுதும். ஆகவே வாக்கியமாக அல்லாமல் தனிச்சொற்களாக, வரிசையைக் கலைத்துச் சொல்லவைத்துச் சோதியுங்கள். அதிலும் கருவியின் தீர்ப்பை முழுமையாக நம்ப வேண்டாம். நல்ல உச்சரிப்பைக்கூட அது சில சமயம் தவறாக எழுதும்.

இந்த இணைக்கு மிகச் சிறந்த கருவி ஒரு துண்டுத் தாள்தான். வாய்க்கு முன்னால் தாளைத் தொங்கவிட்டுக் குண்டூசிக்கான சொல்லைச் சொன்னால் முதல் எழுத்தோடு மூச்சு வெடித்துத் தாள் படபடக்க வேண்டும். குப்பைத்தொட்டிக்கான சொல்லுக்குத் தாள் ஏறக்குறைய அசையக் கூடாது. தமிழில் ‘ப’வைச் சொல்லும்போது அந்த மூச்சு வெளிப்படுவதில்லை என்பதால்தான், நாம் சொல்லும் குண்டூசி ஆங்கிலேயர் காதில் குப்பைத்தொட்டியாக விழுகிறது.

கணினி உண்மையிலேயே கைகொடுப்பது அசை அழுத்தத்தில். ‘ஃபோட்டகிராஃப்’ என்பதில் முதல் அசையிலும், ‘ஃபடாகிரஃபர்’ என்பதில் இரண்டாம் அசையிலும், ‘ஃபோட்டகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. அழுத்தம் நகர நகர உயிரொலிகளும் மாறிவிடுகின்றன. எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே நிறையில் சொல்லிப் பழகிய நமக்கு இது பிடிபடுவது கடினம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ப்ராட்’ என்ற இலவச மென்பொருள், பதிவுசெய்த குரலின் சுருதியையும் ஒலிவலிமையையும் கோடுகளாக வரைந்து காட்டும். அகராதியின் ஒலிப்பதிவுக்கான கோட்டையும் தன் குரலுக்கான கோட்டையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்க்கும் மாணவர், எங்கே மேடு இருக்க வேண்டுமோ அங்கே தன் கோடு சமதளமாகக் கிடப்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்வார்.

கேள்வி: ஆங்கிலக் காணொளிகளைத் தமிழ் சப்டைட்டிலோடு காட்டலாமா? – ஓர் ஆசிரியர்

பதில்: கதை புரிய வேண்டுமானால் காட்டலாம். செவிப்பயிற்சிக்கு என்றால் ஆங்கில சப்டைட்டிலே நல்லது. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பழக்கமில்லாத ஆங்கில வட்டாரப் பேச்சைக் காதால் பிடிப்பதற்கு ஆங்கில சப்டைட்டில் உதவியது என்றும், தாய்மொழி சப்டைட்டில் அதற்கு இடையூறாகவே இருந்தது என்றும் தெரியவந்தது. கண் தமிழை வாசிக்கும்போது காது ஓய்வெடுக்கப் போய்விடுகிறது.

காணொளி இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் எழுத்தில்லாமல் ஒருமுறை, பிறகு ஆங்கில எழுத்தோடு ஒருமுறை, மீண்டும் எழுத்தில்லாமல் ஒருமுறை என மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை ‘வாட்ச கன டூ’ என்று ஏதோ ஓர் அந்நியச் சொல்லாகக் கேட்டது, இரண்டாம் முறை ‘வாட் ஆர் யூ கோயிங் டு டூ’ என்று திரையில் விரியும். மூன்றாம் முறை அதே ஓசை பொருளோடு காதில் விழும். முழுநீளத் திரைப்படத்தைப் போட்டுவிட்டு ஆசிரியர் பின்பெஞ்சில் விடைத்தாள் திருத்துவது செவிப்பயிற்சியில் சேராது.

கேள்வி: மாணவர்கள் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கண்டுபிடிக்கும் மென்பொருள் ‘இது இயந்திரம் எழுதியது’ என்று சொன்னால் மதிப்பெண் குறைக்கலாமா? – கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்

பதில்: அந்த மென்பொருளின் சொல்லை மட்டும் நம்பித் தயவுசெய்து குறைக்காதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு மென்பொருள்களிடம் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அவை இயந்திரம் எழுதியதாக முத்திரை குத்தின. அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளிலோ அநேகமாகப் பிழை செய்யவில்லை. பழகிய சொற்களையும் எளிதில் ஊகிக்கக்கூடிய தொடர்களையும் கொண்டு எழுதுவதையே அவை இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. கற்றுக்கொண்டிருக்கும் எவரும் அப்படித்தானே எழுதுவார்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதவைத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய வடிவம் வீட்டிலிருந்து வரட்டும். ஐயம் எழுந்தால் கட்டுரையின் ஒரு பத்தியைப் பற்றி மாணவரிடம் மூன்று நிமிடம் பேசுங்கள். தான் எழுதியதை எவராலும் தட்டுத்தடுமாறியாவது விளக்க முடியும்.

இயந்திரம் எழுதித் தருவதைவிடக் கவனத்துக்கு எளிதில் தப்புவது அது திருத்தித் தருவது. சிக்கலைப் பற்றி விவாதித்தோம் என்பதை நம் மாணவர்கள் ‘டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராப்ளம்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் உள்ள ‘பற்றி’தான் அங்கே ‘அபவுட்’ ஆகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இயந்திரம் அந்தச் சொல்லை நீக்கிவிட்டுப் பளபளப்பான பிரதியைக் கொடுக்கும். மாணவர் அடுத்த கட்டுரையிலும் அதையே எழுதுவார். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தவறான தொடரைச் சரியான வடிவில் தாமே திருப்பிச் சொல்லும் வகையாக இருந்தன. மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் அந்த வகைக்குத்தான். மாணவரிடமிருந்தே சரியான வடிவத்தை வரவழைக்க முயன்றபோது அவர்கள் தவறாமல் ஏதாவது சொல்லிப் பார்த்தார்கள். ஆகவே செயற்கை நுண்ணறிவிடம் ‘திருத்திக் கொடு’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ‘பிழையுள்ள வரிகளை மட்டும் காட்டு, திருத்தாதே, என்ன வகைப் பிழை என்று ஒரு குறிப்பு மட்டும் கொடு’ என்று கேட்கப் பழக்குங்கள். அது தரும் இலக்கண விளக்கம் சில வேளைகளில் தவறாகவும் இருக்கும். தவறும்போதும் அதே நிமிர்ந்த குரலில்தான் சொல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: செயலியில் தினமும் இருபது ஆங்கிலச் சொற்கள் படிக்கிறேன். எழுதும்போது ஒன்றும் கைக்கு வருவதில்லையே? – ஒரு மாணவி

பதில்: இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுகூர்வது நல்ல முறைதான். மறதி எப்படி நிகழ்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தம்மையே சோதித்து அளந்து காட்டினார். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என அட்டைகளைக் காட்டும் இன்றைய செயலிகளெல்லாம் அந்த வழியில் வந்தவையே. குறை உங்கள் அட்டைகளில் இருக்கிறது. தனிச்சொல்லையும் அதற்கு ஒரு தமிழ்ப் பொருளையும் எழுதி வைத்தால், சொல் யாரோடு சேரும் என்பது தெரியாது. தமிழில் பலத்த மழை என்றும் சொல்கிறோம், கனமழை என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹெவி ரெயின்’ இயல்பு. ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்றால் கேட்பவர் சற்று நெற்றி சுருக்குவார். காற்றுக்கோ ‘ஸ்ட்ராங்’தான். இதற்கு விதி சொல்ல முடியாது. வழக்கைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்கென்றே சொற்றொகுதிகள் இருக்கின்றன. பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுதியில் 10 கோடிச் சொற்கள் அளவுக்கு எழுத்தும் பேச்சும் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் வரிகள் அடுக்கடுக்காகத் திரையில் விழும். முன்னும் பின்னும் வரும் சொற்களை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். இனி அட்டையில் சொல்லுக்குப் பதிலாகத் தொடரை எழுதுங்கள். இருபது வேண்டாம், ஏழு போதும். அந்த ஏழில் இரண்டையாவது அன்றே யாருக்காவது எழுதும் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகன் உரையாடல் செயலியுடன் ஆங்கிலத்தில் பேசிப் பழகலாமா? – ஒரு தாய்

பதில்: பல செயலிகள் 13 வயதுக்குக் குறைந்தோரை அனுமதிப்பதில்லை, முதலில் விதிமுறையைப் படித்துப் பாருங்கள். குழந்தையின் குரலும் சேமிக்கப்படும் தகவலே. இந்த வயதில் நீங்கள் அருகில் அமர்ந்து ஒரு கதையை உரக்கப் படிக்கவைப்பது மேல்.

கேள்வி: மாணவர்களைப் பேசிப் பதிவுசெய்யச் சொன்னேன். நாற்பது பதிவுகள் வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் எப்போது கேட்பது? – மற்றோர் ஆசிரியை

பதில்: எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட பதிவை வாங்காதீர்கள். நாளுக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் எட்டு வகுப்பு நாள்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். இன்று யாருடையதைக் கேட்பீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு குறிப்பைக் கொடுங்கள். இறந்தகால வினைமுடிவை விழுங்குகிறார் என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். உச்சரிப்பு, சொல்வளம், துணிவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் தங்காது. அனுப்புவதற்கு முன் மாணவர்கள் தங்கள் பதிவைத் தாங்களே ஒருமுறை கேட்க வேண்டும் என்று விதியுங்கள். பாதிப் பேர் அழித்துவிட்டு மறுபடி பேசுவார்கள். நீங்கள் செய்யவேண்டிய திருத்தத்தில் பெரும்பகுதி அங்கேயே நடந்துவிடும். ஆண்டின் முதல் பதிவை மட்டும் அழிக்காமல் ஓரிடத்தில் வைத்திருங்கள். ஆண்டுக் கடைசியில் அதை அந்தந்த மாணவருக்குத் தனியே போட்டுக் காட்டுங்கள். வகுப்பு முழுவதற்கும் வேண்டாம்.