ஓடுகிற பில்பெர்ரி ஜாமைக் கொட்டிவிடாதீர்கள்

வணக்கம். ஸ்வீடன் காட்டில் பறித்த 2 கிலோ பில்பெர்ரியில் (கருநீலக் காட்டுப்பழம்) செய்த ஜாம் ஒரு வாரமாகியும் ரசம்போல ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கைப்பிழை இல்லை. நன்கு பழுத்த பில்பெர்ரியில் புளிப்பும் குறைவு, ஜாமை இறுக்கும் பெக்டினும் குறைவு. மருந்து அதே காட்டிலேயே இருக்கிறது: செப்டம்பரில் சிவந்து கிடக்கும் லிங்கன்பெர்ரி. அதில் இரண்டும் தாராளம். நான்கைந்து கைப்பிடி நசுக்கிச் சேர்த்து, ஜாமை இரண்டு பாதியாகப் பிரித்து, அகலமான பாத்திரத்தில் ஒவ்வொன்றாகக் கொதிக்கவிடுங்கள். ஆழமான பானையில் நீர் சீக்கிரம் வற்றாது, மணம்தான் போகும். நுரை அடங்கி, குமிழிகள் பெரிதாகச் சோம்பலுடன் வெடிக்கத் தொடங்கியதும், ஃப்ரீசரில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் உடனே இறக்குங்கள். வெப்பமானி இருந்தால் 104, 105 டிகிரி செல்சியஸ். லிங்கன்பெர்ரி கிடைக்காவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு ஓரளவு உதவும். ஆனால் அந்தக் காட்டுத் துவர்ப்பு வராது.