கணக்கு மாறினால் மேக்ரோ ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி: எங்கள் ஜெராக்ஸ், டிடிபி கடையில் ஒரே கம்ப்யூட்டர்தான். விண்டோஸில் எனக்கு ஒரு கணக்கு, காலையிலும் மாலையிலும் வருகிற ஆட்களுக்குத் தனித்தனிக் கணக்கு. கடை முகவரி, ஜிஎஸ்டி எண், தமிழில் சில வரிகள் எல்லாம் ஒரே விசையில் விழட்டும் என்று ஒரு மேக்ரோ மென்பொருள் வாங்கினேன். யார் உட்கார்ந்தாலும் ஓடும் என்றார் விற்றவர். என் கணக்கில் மட்டுமே ஓடுகிறது. இப்போது இன்னும் இரண்டு லைசென்ஸ் வாங்கச் சொல்கிறார். அதற்கு மேக்ரோ கீபோர்டே வாங்கிவிடலாமா?
- விருதுநகர் வாசகர்

பதில்: இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம்.

விண்டோஸில் ஒவ்வொரு கணக்கும் தனி அறை. நீங்கள் வெளியேறாமல் கணக்கை மட்டும் மாற்றினால், உங்கள் மேக்ரோ பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது அடிக்கும் எழுத்து அடுத்தவர் திரைக்குப் போகாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொருவர் கணக்கிலும் மேக்ரோ தனியாகத் தொடங்க வேண்டும்.

அதற்கு ஆட்டோஹாட்கீ என்ற மேக்ரோ மென்பொருள் போதும். இலவசம், எத்தனை கணக்கிலும் ஓட்டலாம். சுருக்கெழுத்தையும் அதற்கான வரியையும் ஒரு கோப்பில் எழுதி, எல்லாப் பயனருக்கும் பொதுவான ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அட்மின் கணக்கிலிருந்து போட்டுவிடுங்கள். யார் நுழைந்தாலும் தானே தொடங்கிவிடும். கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழ் வரிகள் குப்பையாக வரலாம். பில்லிங் மென்பொருள் 'அட்மினிஸ்ட்ரேட்டராக' ஓடினால், சாதாரணமாக ஓடும் மேக்ரோவால் அதற்குள் தட்டச்ச முடியாது. எங்கும் ஓடுவது பில்லில் மட்டும் ஓடவில்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

மேக்ரோ கீபோர்டு நல்ல பொருள்தான். மேக்ரோவைக் கீபோர்டுக்குள்ளேயே பதிந்திருந்தால் கணக்கு எதுவானாலும் கம்ப்யூட்டருக்கு அது வெறும் கீபோர்டு, அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்தப் பெயரில் விற்கும் பலவற்றில் மேக்ரோ கம்ப்யூட்டரில் போடும் மென்பொருளில்தான் இருக்கிறது. அதை வாங்கினால் பழைய பிரச்சினையே திரும்பி வரும். கடையிலேயே ஒரு மேக்ரோவைப் பதியச் சொல்லி, கழற்றி, அந்த மென்பொருள் இல்லாத வேறு கம்ப்யூட்டரில் செருகி அழுத்திப் பாருங்கள். வரி விழுந்தால் வாங்கலாம். இன்னொன்று, கீபோர்டு அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும்தான். தமிழ்99 என்ற தட்டச்சு முறைக்குப் பதிந்த வரி, ஆங்கில முறையில் இருக்கும் கணக்கில் ஆங்கிலக் கிறுக்கலாக விழும். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணுக்கு மேக்ரோ கீபோர்டு சரி, தமிழ் வரிகளுக்கு ஆட்டோஹாட்கீதான் சௌகரியம்.

எதில் பதிந்தாலும் பாஸ்வேர்டை மட்டும் பதியாதீர்கள். நோட்பேடைத் திறந்து அந்த விசையை அழுத்தினால் யாருக்கும் தெரிந்துவிடும்.

கொடுத்த பணத்தையும் விடாதீர்கள். சொன்னபடி ஓடவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று விற்றவருக்கு எழுத்தில் கேளுங்கள். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'கடைக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று விற்றவர் சொல்லக்கூடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியதை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை அப்படி ஒதுக்கவில்லை. புகார் எழுதும்போது, இந்தக் கடைதான் உங்கள் வாழ்வாதாரம் என்பதை முதல் பத்தியிலேயே சேருங்கள்.