கோதுமைக் கேள்விகள்

கேள்வி: எங்கள் தெருவில் மாவு அரைப்பவர், "இப்போதெல்லாம் லேபில் ஜீனைப் பார்த்துத்தான் கோதுமை ரகம் உருவாக்குகிறார்கள்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து மாமியார் சப்பாத்தியைத் தொடுவதில்லை. பி.டி. பருத்தி மாதிரிதானா இதுவும்?
– வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: மாமியாரைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள் அம்மா. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் ஜீனை எடுத்துச் செடிக்குள் வைத்தார்கள். அப்படிப்பட்ட கோதுமை இந்தியாவில் சாகுபடியில் இல்லை. மாவுக்காரர் சொன்னது மார்க்கர் முறையை; அதாவது, வேண்டிய ஜீன் செடியில் இருக்கிறதா என்று காட்டும் டி.என்.ஏ. அடையாளத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பது. அது செடிக்குள் எதையும் நுழைப்பதில்லை. வழக்கமான கலப்பில் பிறந்த நாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று காட்டும், அவ்வளவுதான். பூசாவில், அதாவது டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், கோதுமைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்.

இதற்கு அவசியம் வந்தது துரு நோயால், இலையில் துருப்போல் பொடி படிய வைக்கும் பூஞ்சை நோய் அது. பஞ்சாபில் மஞ்சள் துரு விழுந்த வயலுக்குள் நடந்து பாருங்கள், பேன்ட் முழுக்க மஞ்சள்பொடி கொட்டியது போல ஆகிவிடும். 1995-ல் வந்த பி.பி.டபிள்யூ. 343 ரகத்தை விவசாயிகள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பூஞ்சையில் புது இனம் கிளம்பியது, ரகம் படுத்துவிட்டது. பிறகு லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தார் அதே ரகத்தில் எதிர்ப்பு ஜீன்களைக் கலப்பு மூலம் சேர்த்து, மார்க்கர் வைத்துத் தேர்ந்தெடுத்து, 'உன்னத் பி.பி.டபிள்யூ. 343' என்று வெளியிட்டார்கள். அந்த ஜீன்கள் கோதுமைக்கு உறவான காட்டுப்புற்களிலிருந்து வந்தவை.

வயலில் பார்த்தே தேர்ந்தெடுக்கக் கூடாதா என்றால், சிக்கல் இதுதான். ஒரே ஜீனை நம்பினால் பூஞ்சையின் புது இனம் வந்து சாய்த்துவிடும், அதனால் இரண்டு வேண்டும். ஆனால் ஒரு செடியில் வலுவான எதிர்ப்பு ஜீன் ஒன்று இருந்தாலே துரு வராது. இரண்டாவது ஜீனும் உள்ளே இருக்கிறதா என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி, டி.என்.ஏ. எடுத்து, பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் முறை) ஓட்டினால் இரண்டும் தெரிந்துவிடும். எல்.ஆர். 34 என்ற எதிர்ப்பு ஜீன் இன்னும் வேடிக்கை. துருவை நிறுத்தாது, மெதுவாக்கும்; அதுவும் செடி வளர்ந்த பிறகுதான். அந்தச் செடிகளில் இலை நுனி காய்வதை அடையாளமாக வைத்துப் அந்தக் கால ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் டெல்லியில் மார்ச் வெயில் ஏறிவிட்டால் எல்லா நுனியும்தான் காயும்! அங்கே மார்க்கர் கைகொடுக்கிறது.

அதற்காக வயலை விட்டுவிட முடியாது. நம் நீலகிரியில், வெலிங்டனில், பூசாவின் கிளை நிலையம் இருக்கிறது. அந்தக் குளிரில் துரு இயற்கையாகவே வருவதால் ரகங்களை அங்கே போட்டுப் பார்ப்பார்கள். லேபில் டி.என்.ஏ.வை ஓட்டிப் பார்க்கும் ஜெல்லில், ஜீன் இருப்பதைக் காட்டும் கோடு அழகாக விழுந்து, விளைச்சல் குறைந்த செடிகளையும் பார்த்திருக்கிறேன். எந்த விவசாயி வாங்குவார்?

கேள்வி: மொட்டை மாடித் தொட்டியில் கோதுமை வளர்க்கலாமா?
– வாசகர், கரோல் பாக்

பதில்: நவம்பரில் விதையுங்கள், நன்றாக வரும். துருவைவிடக் கிளியும் சிட்டும்தான் கவலை. கதிர் பிடித்ததும் வலை கட்டிவிடுங்கள்.